பரிசனத்தால் வரும் பயம்

"ஒண்ணும் பண்ண மாட்டான் டாக்டர், ரொம்ப சாது." நாய்க்கு வைத்தியம் பார்க்கிற எவரும் இந்த வாக்கியத்தைக் கேட்காமல் ஒரு நாளைக் கழிக்க முடியாது. சொல்பவர் பொய் சொல்வதில்லை. அவர் வீட்டுக்குள், அவர் குரலுக்கு, அவர் சோறு வைக்கும் நேரத்தில் அந்த நாய் சாதுதான். ஆனாலும் நான் ஊசியோடு நெருங்குவதற்கு முன் என் உதவியாளர் அந்தச் சாதுவின் வாயைச் சுற்றி ஒரு நாடாவைக் கட்டிவிடுவார். வலியிலும் பயத்திலும் எந்த நாயும் கடிக்கும் என்பது எங்கள் தொழிலின் பாலபாடம். வேப்பேரிக் கல்லூரியில் படித்த காலம் தொட்டு நாய்களோடுதான் என் வாழ்க்கை. அவற்றின் மேல் உள்ள அன்போடுதான் இதைச் சொல்கிறேன்: பூங்காவிலும் கடற்கரையிலும் அடுக்ககத்து நடைபாதையிலும் நாயைக் கயிறில்லாமல் விட்டுவிட்டு, எதிரே வருபவர் நடுங்கி நிற்கையில் "ஒண்ணும் பண்ணாது" என்று தூரத்திலிருந்து குரல் கொடுப்பது ஒரு தீங்கு. அந்த நாய் கடிக்காமலே திரும்பிப் போனாலும் தீங்கு நடந்து முடிந்துவிட்டது.

சட்டம் இவ்வளவு தூரம் வராது. 2024 மே 5ஆம் தேதி, சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியில் மாடல் பள்ளிச் சாலையை ஒட்டிய மாநகராட்சிப் பூங்காவில், ஐந்து வயதுப் பெண் குழந்தையை இரண்டு ராட்வைலர் நாய்கள் கடித்துக் குதறின. பூங்காக் காவலாளியின் மகள் அவள். அந்தக் குடும்பம் குடியிருந்ததே பூங்காவுக்குள்தான். காப்பாற்ற ஓடிய தாய்க்கும் காயம். உரிமையாளர் கைதானார். வளர்ப்பு விலங்கு விஷயத்தில் அலட்சியமாக இருப்பதற்கென்றே அப்போது நடப்பிலிருந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 289ஆம் பிரிவு உண்டு: ஆறு மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதே ஆண்டு ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 291ஆம் பிரிவு. அபராதம் 5,000 ஆயிற்று. இரண்டுமே, உயிருக்கு ஆபத்தோ கொடுங்காயமோ நேரக்கூடிய நிலைமையை உரிமையாளர் தடுக்கத் தவறினாரா என்றுதான் கேட்கின்றன. அதற்குக் கீழே நடப்பது எதுவும் அந்தப் பிரிவுகளின் கணக்கில் வராது. நாயைக் கண்டு நடைப்பயிற்சியையே விட்டுவிட்ட முதியவர், வேலைக்கு வரும்போது சுற்றுவழியில் வரும் பெண், அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு ஊஞ்சலுக்குப் போக மறுக்கும் குழந்தை, இவர்களுக்கெல்லாம் அங்கே இடமில்லை.

இடம் இருக்கிற ஒரு நூலை எனக்குத் தெரியும்.

என் அரசுப் பணி திருவாரூர்ப் பக்கத்துக் கால்நடை மருந்தகம் ஒன்றில் தொடங்கியது. மாடுகளும் ஆடுகளும்தான் வரும். நாயைத் தூக்கிக்கொண்டு வருபவர் அபூர்வம். ஊருக்குள் போகும்போதெல்லாம் தியாகராசர் கோயிலை ஒட்டியிருக்கும் கல்தேரைப் பார்ப்பேன். மனுநீதிச் சோழன் கதையைத் தமிழில் படித்த எவருக்கும் சொல்லத் தேவையில்லை. இளவரசனின் தேர்க்காலில் ஒரு கன்று விழுந்து இறந்தது. தாய்ப்பசு கொம்பால் ஆராய்ச்சி மணியை அசைத்தது. அரசன் மகனையே தேர்க்காலில் இட்டான். கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டதால் அதை அரசனின் கண்டிப்பைச் சொல்லும் கதையாக மட்டும் வைத்துக்கொண்டோம். சேக்கிழார் பெரியபுராணத்தில் அதைச் சொல்கிற விதத்தை நிதானமாகப் படித்தபோது வேறொன்று கண்ணில் பட்டது.

இளவரசன் கன்றைப் பார்க்கவில்லை. அது எங்கிருந்தோ துள்ளி வந்து சக்கரத்தின் இடையில் புகுந்தது. கண்டதும் அவன் துடித்துப்போகிறான். தந்தைக்குத் தெரியும் முன்பே கழுவாய் தேடிப் போகிறான். அமைச்சர்களும் அதைத்தான் சொல்கிறார்கள்: அந்தணர்கள் விதித்தபடி பரிகாரம் செய்துவிடலாம். அரசன் அதற்குச் சொல்லும் மறுமொழியில் காவலனின் கடமைக்கு ஒரு வரையறை இருக்கிறது. உலகைக் காப்பவன், உயிர்களுக்கு வரக்கூடிய ஐந்து பயங்களைத் தீர்க்க வேண்டியவன். தன்னால் வரும் பயம், தன் பரிசனத்தால் வரும் பயம், பகைவரால் வரும் பயம், கள்வரால் வரும் பயம், பிற உயிர்களால் வரும் பயம்.

இந்த வரிசையை யோசித்துக்கொண்டே பல இரவுகள் விழித்திருக்கிறேன். பகைவரும் கள்வரும் மூன்றாவதாகவும் நான்காவதாகவும்தான் வருகிறார்கள். முதலில் தான், அடுத்து தன்னைச் சேர்ந்தவர்கள். தன் சோற்றைத் தின்று, தன் பேரைச் சொல்லிக்கொண்டு, தன் வாசலிலிருந்து கிளம்பிப் போகிறவர்கள் ஊருக்கு உண்டாக்கும் அச்சம், எல்லையில் நிற்கும் பகைவன் உண்டாக்குவதற்கு முன்பாகவே எண்ணப்படுகிறது. அங்கே எண்ணப்படுவது காயமும் சாவும் அல்ல, பயம். பயத்தைத் தீர்ப்பதுதான் காவல். கன்றைக் கொன்ற தேர் இரண்டாவது வகை. கயிறில்லாத என் நாய் ஒரே நேரத்தில் இரண்டாவது வகையிலும் ஐந்தாவது வகையிலும் விழுகிறது. அது என் பரிசனம், அது ஓர் உயிரும்கூட. அரசனுக்குச் சொன்னதைச் சாதாரண மனிதர்கள் மேல் ஏற்றலாமா என்று கேட்கலாம். மன்னர்கள் போய்விட்ட நாட்டில் அவரவர் வாசலுக்கு அவரவரே காவலர் என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். மகனைத் தேர்க்காலில் இட்ட தண்டனை எனக்கு வேண்டாம். அந்த ஐந்து பயங்களின் கணக்கு வேண்டும்.

இந்த இடத்தில் நாய் வளர்ப்பவர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள். என் கிளினிக்கிலேயே கேட்டிருக்கிறார்கள். "அவங்க பயப்படறது அவங்க பிரச்சினை இல்லையா டாக்டர்? கொஞ்சம் பழகினா போயிடும்." நேர்மையான கேள்வி. பயம் பயப்படுகிறவரின் மனதுக்குள்தானே இருக்கிறது? அதற்கு நான் எப்படிப் பொறுப்பு?

நாயைத் தெரிந்தவள் என்கிற முறையில் முதலில் ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பயம் பெரும்பாலும் சரியான பயம். வாலாட்டினால் நட்பு என்று நம்புகிறோம்; விறைத்து மேலே நிற்கும் வால் சின்னச் சின்னதாக அதிர்ந்தால் அதற்குப் பொருள் வேறு. உதட்டை நக்குவது, காரணமில்லாமல் கொட்டாவி விடுவது, தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் திருப்பி வெள்ளை பிறை போலத் தெரியப் பார்ப்பது, உடம்பு ஒரு நொடி கல்லாவது எல்லாமே கடிக்கு முன்னால் நாய் கொடுக்கும் எச்சரிக்கைகள். ஐம்பது அடி தூரத்தில் கைபேசியில் பேசிக்கொண்டு வரும் உரிமையாளருக்கு இவற்றில் ஒன்றும் தெரியப்போவதில்லை. எதிரே நிற்பவருக்கோ இந்த மொழி தெரியாது. உடம்பு மட்டும் உணர்ந்துகொள்கிறது.

அடுத்தது, தீங்கு பல்லில் மட்டும் இல்லை. எங்கள் தெருவில் ஒரு பாட்டிக்கு, தாவி வந்த நாய்க்கு ஒதுங்கப் போய் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. நாய் அவரைத் தொடவே இல்லை. நம் கடலோர ஊர்களின் முஸ்லிம்களில் பெரும்பாலோர் ஷாஃபி மரபினர். நாயின் எச்சிலோ ஈர உடம்போ பட்டால் பட்ட இடத்தை ஏழு முறை, அதில் ஒருமுறை மண் கலந்த நீரால், கழுவ வேண்டும் என்பது அவர்கள் சட்டம். மக்ரிப் தொழுகைக்குப் பூங்கா வழியாகப் போகும் பெரியவரின் வேட்டியை அன்போடு நக்கிவிட்டு ஓடும் நாய் அவருடைய தொழுகை நேரத்தில் கைவைத்துவிட்டது. அவருக்கு நாயின் மேல் வெறுப்பு இருக்க வேண்டும் என்பதில்லை. தாகித்த நாய்க்குத் தண்ணீர் கொடுத்தவன் மன்னிக்கப்பட்டான் என்கிற நபிமொழியை வளர்த்ததும் அதே மரபுதான். பொது இடம் என்றால் அவருக்கும் பொது.

வீட்டு வேலைக்கு வரும் பெண்ணின் மேல் லேசாகப் பல் பட்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். "எங்க நாய்க்குத் தடுப்பூசி போட்டாச்சு" என்று உரிமையாளர் சொல்வதைக் கேட்டுக்கொண்டு யாரும் சும்மா இருக்க முடியாது, இருக்கவும் கூடாது. ரேபிஸ் அறிகுறி தொடங்கிவிட்டால் பிழைப்பது அநேகமாக இல்லை. அரசு மருத்துவமனையில் ஊசி இலவசம். முதல் நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் என்று வரிசையில் நின்று தோலுக்குள் போட்டுக்கொள்ள வேண்டும். அந்த நான்கு காலைகளின் கூலி இலவசமில்லை. தூக்கம் வராமல் கழிந்த இரவுகளை எந்தக் கணக்கில் எழுதுவது?

என்னிடம் முன்பு உதவியாளராக இருந்த ஒரு அம்மா தினமும் வேதாகமம் வாசிப்பவர். ஒருநாள் இந்தப் பேச்சு வந்தபோது யாத்திராகமம் 21ஆம் அதிகாரத்தைச் சொன்னார். முட்டுகிற மாடு ஒருவரைக் கொன்றால் உரிமையாளருக்குக் குற்றமில்லை. ஆனால் அது முட்டும் மாடென்று முன்பே தெரிந்து, எச்சரிக்கப்பட்டும் கட்டிவைக்காதவன் உயிருக்கு உயிர் பதில் சொல்ல வேண்டும். ஒரு முறை முட்டும் வரை மாட்டுக்காரருக்குச் சலுகை இருக்கிறது என்று எனக்குப் பட்டது. ஆனால் அந்த யூத மரபே பின்னால் நாயைத் தனியாக எடுத்து யோசித்திருக்கிறது. சுமார் கி.பி. 200ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட மிஷ்னாவில், சங்கிலியால் கட்டியிருந்தாலன்றி ஒருவர் நாய் வளர்க்கக் கூடாது என்று ஒரு விதி இருக்கிறது. கடிக்கும் நாய், கடிக்காத நாய் என்ற பிரிவினை அதில் இல்லை. ஏன் என்பதற்கு அதன்மேல் எழுந்த தல்மூது ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறது. ஒரு கர்ப்பிணி ரொட்டி சுட ஒரு வீட்டுக்குள் போகிறாள். நாய் குரைக்கிறது. வீட்டுக்காரர், பயப்படாதே, அதன் பல்லையும் நகத்தையும் எடுத்தாயிற்று என்கிறார். உங்கள் தயவு இனி எனக்கு எதற்கு, வயிற்றுப் பிள்ளை கலைந்துவிட்டது என்கிறாள் அவள்.

இதைப் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்காரர் சொன்னது உண்மை. அந்த நாயால் கடிக்கவே முடியாது. "ஒண்ணும் பண்ணாது" என்கிற வாக்கியத்துக்கு இதைவிட உறுதியான ஆதாரம் இருக்க முடியாது. அந்த ஆதாரம் அவளுக்கு உதவவில்லை. நாயின் சாதுத்தனம் உரிமையாளருக்குத் தெரிந்த செய்தி. எதிரே வருபவரிடம் அந்தச் செய்தி இல்லை. தனக்கு மட்டும் தெரிந்த ஒன்றை நம்பி அடுத்தவர் தன் உடம்பைப் பணயம் வைக்க வேண்டும் என்று கேட்பதற்கு யாருக்கும் உரிமை கிடையாது. கயிற்றைக் கண்ணால் பார்க்கலாம். அதை யாரும் நம்பிக்கையின் பேரில் ஏற்க வேண்டியதில்லை.

சரி, குற்றம் யாருடையது? நாய்க்குப் பாவமில்லை, அதற்கு விதி தெரியாது. உரிமையாளருக்குக் கெட்ட எண்ணமில்லை. வினை என்பது எண்ணத்தில் இருக்கிறது என்று பௌத்தர் வாதிட்டபோது, சமணர் எண்ணமில்லாத செயலுக்கும் கணக்கு உண்டு என்று எதிர்வாதம் செய்தார்கள். உமாஸ்வாதியின் தத்துவார்த்த சூத்திரம் இம்சைக்கு இலக்கணம் சொல்லும்போது, கவனமின்மையால் உயிருக்கு ஊறு செய்வது என்று தொடங்குகிறது. கொல்லும் ஆசை அங்கே பேசப்படவே இல்லை. நான் சைவக் குடும்பத்தில் பிறந்தவள், ஆனால் இந்த இலக்கணம்தான் என் மேசைக்கு வரும் காயங்களோடு பொருந்துகிறது. வெறுப்பினால் நாயை ஏவிவிட்டவர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை. கவனமில்லாதவர்களைத்தான் பார்க்கிறேன், தினமும்.

நாய்ப் பிரியர்கள் மகாபாரதத்தின் முடிவை எடுத்துக்காட்டுவார்கள். தன்னை நம்பி வந்த நாயை விட்டுவிட்டுச் சொர்க்கம் வேண்டாமென்று தருமர் நின்றார். எனக்கும் பிடித்த இடம். ஆனால் அந்தக் காவியத்தின் தொடக்கத்தில் இன்னொரு நாய் இருப்பதை அதிகம் பேர் நினைப்பதில்லை. சனமேசயன் வேள்வி நடத்தும் இடத்துக்கு ஒரு நாய் வருகிறது. அவன் தம்பிகள் அதை அடித்து விரட்டுகிறார்கள். அது தன் தாய் சரமையிடம் ஓடி, நான் ஒன்றும் செய்யவில்லை, அவியை நக்கவும் இல்லை, பார்க்கவும் இல்லை என்று அழுகிறது. சரமை நேராக வேள்விச் சாலைக்கு வந்து நியாயம் கேட்கிறாள், பதில் இல்லை. குற்றமற்றதை அடித்த உங்களுக்கு எதிர்பாராத பயம் வரும் என்று சபித்துவிட்டுப் போகிறாள்.

சரமையின் அந்த முறையீடு என் கிளினிக்கில் கேட்கிறது. ஒரு குடும்பம் தங்கள் லாப்ரடாரைக் கொண்டுவந்தது. அடுக்ககத்தின் விளையாட்டுத் திடலில் அவிழ்த்து விட்டிருக்கிறார்கள். ஒரு பையன் பந்தோடு ஓட, இது துரத்த, பையன் கத்திக்கொண்டு கையை வீச, கையில் பல் இறங்கிவிட்டது. "ஊசி போட்டுடுங்க டாக்டர், இனிமே வச்சுக்க முடியாது" என்றார் அந்த வீட்டம்மா. அழுதுகொண்டேதான் சொன்னார். அந்த நாய் என் மேசையில் மோவாயை வைத்துக்கொண்டு ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தது. ஓடுவதைத் துரத்துவது நாயின் இயல்பு. அந்த இயல்புக்கு எல்லை போடும் வேலை மனிதருடையது. அந்த வேலையை யாரும் செய்யாததற்கு விலை நாயின் உயிர். நான் மறுத்துவிட்டேன். கடித்த நாயைப் பத்து நாள் கண்காணிக்க வேண்டும் என்று முதலில் சொல்லி அனுப்பினேன். பிறகு செங்கல்பட்டுப் பக்கம் வேலி போட்ட தோட்டம் வைத்திருக்கும் ஒருவர் எடுத்துக்கொண்டார். எல்லா நாய்க்கும் தோட்டக்காரர் கிடைப்பதில்லை. புறவழிச் சாலையோரம் இறக்கிவிடப்பட்டுக் காரின் பின்னால் ஓடிய நாய்களுக்கும் நான் கட்டுப் போட்டிருக்கிறேன்.

கயிறு கொடுமை என்பவர்களோடு நான் பாதி உடன்படுகிறேன். பகலெல்லாம் ஜன்னல் கம்பியில் ஒரு முழச் சங்கிலியில் கட்டிக்கிடக்கும் நாய் மூர்க்கமாகும். அது நிச்சயம் கொடுமை. 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 11ஆம் பிரிவில் அதைக் குற்றமென்றே சொல்கிறது. கட்டியே வைத்திருக்கும் நாயை நடத்திக் கூட்டிப்போகாமல் இருப்பதும் அதே பிரிவில் குற்றம். நான் கேட்பது கையில் பிடிக்கும் கயிறு. என் வீட்டில் ஒரு சிப்பிப்பாறை இருக்கிறது. முயல் வேட்டைக்கென்று தலைமுறைகளாக வளர்த்தெடுத்த இனம். பூனை ஒன்று குறுக்கே ஓடினால் என் குரல் அதன் காதுக்கு எட்டாது. பத்து மீட்டர் நீளக் கயிறு வாங்கி வைத்திருக்கிறேன். விடியற்காலையில் ஆளில்லாத திடலில் அது நினைத்த இடத்தில் மோந்து பார்த்துக்கொண்டு திரிகிறது. மோப்பம் பிடித்துக் களைக்கும் நாய், ஓடிக் களைக்கும் நாயைவிட அமைதியாகத் தூங்குவதை என் வீட்டிலேயே பார்க்கிறேன்.

2024 மார்ச்சில் மத்திய அரசு 23 இனங்களைத் தடைசெய்யச் சொல்லி மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. கர்நாடக உயர் நீதிமன்றம் அதை அடுத்த மாதமே ரத்து செய்தது. இனப் பட்டியலில் எனக்கு நம்பிக்கை இல்லை. பட்டியலில் இல்லாத நாயை வைத்திருப்பவர் தன் பொறுப்பு முடிந்தது என்று நினைத்துவிடுவார். 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் இரண்டு உத்தரவுகளுக்குப் பிறகு ஊரெல்லாம் தெருநாயைப் பற்றியே பேச்சாக இருந்தது. அந்தப் பயத்தைத் தீர்ப்பது அரசின் வேலை, அது ஐந்தாவது வகை. கழுத்துப் பட்டையும் பெயரும் தடுப்பூசி அட்டையும் உள்ள நாய் அந்த விவாதத்தின் பின்னால் ஒளிந்துகொள்ளக் கூடாது.

திருவாரூர்க் கதையில் இன்னும் ஒன்று என்னை விடாமல் பிடித்திருக்கிறது. அரண்மனை வாசலில் பசுவின் கொம்புக்கு எட்டும்படி ஒரு மணி தொங்கியது. யார் வாய் பேச முடியாதவரோ அவருக்கும் எட்டும் உயரத்தில் முறையீட்டுக்கு வழி வைத்திருந்தார்கள். எங்கள் அடுக்ககத்தில் நாயைப் பற்றிய புகார்கள் எல்லாம் வீட்டுக்காரர்களிடமிருந்துதான் வருகின்றன. வாட்ஸ்அப் குழுவில் ஒரு நாள் காரசாரமாகப் போய் அடங்கிவிடும். அதிகம் பயந்து நடப்பவர்கள் அந்தக் குழுவில் இல்லை. காவலாளி, பால் போடும் பையன், சிலிண்டர் தூக்கி வருபவர், நான்கு வீட்டுக்குப் பாத்திரம் தேய்க்கும் பெண் ஆகியோர் சம்பளம் தருகிறவரிடம் போய் "உங்க நாயைப் பிடிங்க" என்று சொல்ல முடியுமா? சிரித்துக்கொண்டு சுவரோடு ஒட்டி நிற்பார்கள். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் "பாருங்க, அவங்களுக்கே பயமில்லை" என்கிறோம்.

குடியிருப்போர் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் நாய்களுக்கான விதிமுறை எடுத்துக்கொள்ளப்படுகிறது. மருத்துவர் என்பதால் என்னை முதலில் பேசச் சொன்னார்கள். காவலாளிகளில் ஒருவரையும் வீட்டு வேலைக்கு வரும் பெண்களில் இரண்டு பேரையும் நாற்காலி போட்டு உட்காரவைத்து அவர்களை முதலில் கேட்க வேண்டும் என்று செயலாளரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். எந்த வீட்டு நாய் என்று அவர்கள் சொல்ல வேண்டியதில்லை, எந்த நேரத்தில், எந்தப் பாதையில் என்று மட்டும் சொன்னால் போதும். நாய் வளர்க்கும் நாங்கள் அதன்பிறகு பேசுகிறோம்.